ரோவீனாவின் காளான் மாத்திரைகள்

அந்தக் குளிர்காலம் முழுக்க ரோவீனா ஹாகன் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் உண்டு. அவள் சுவரோரமாக நின்று, ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் மூடி போட்ட காபிக் குவளையுமாக, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பாள்.

"உக்காரேண்டி. பாக்கிற எனக்குக் கால் வலிக்குது" என்பேன்.

"உக்காந்தா எந்திரிக்கணும்ல" என்பாள்.

பதினோரு வருடம் ஒரே வண்டியில் அவளோடு வேலை பார்த்தவள் நான். அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் வரை அவளைப் போல அசையாமல் இருக்கத் தெரிந்த ஆளை நான் கண்டதில்லை. அழைப்பு வராத நாட்களில் வண்டியின் முன்சீட்டில் குறுக்கெழுத்துப் புதிரோடு மூன்று மணி நேரம் கல் மாதிரி இருப்பாள். நான்தான் பாட்டைப் போடுவேன், பாட்டை மாற்றுவேன், ஜன்னலை இறக்குவேன், ஏற்றுவேன். "லோரி, உனக்குப் பிறக்கும்போதே வால் இருந்துச்சா" என்று கேட்பாள்.

அவளை மாற்றியது நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. டேரில் மோஸ் என்று ஒருவர். வெட்டி முடித்த காடுகளில் மிஞ்சிக் கிடக்கும் சிடார் மரக்கட்டைகளைச் சேர்த்து விற்கிறவர். அவருடைய பிக்கப் வண்டி மரம் ஏற்றிய லாரிகள் போகும் மண்சாலையில் சறுக்கி, ஓடை கடலில் கலக்கிற இடத்தில் சாய்ந்து கிடந்தது. எங்கள் ஊர் கோல்பி, வான்கூவர் தீவின் மேற்குக்கரை. கடல் அங்கே நிலத்துக்குள் நெடுந்தூரம் நுழைந்து வரும்; ஏறும்போது வேகமாக ஏறும். அது ஏறுகிற நேரம். வண்டியின் முன்பலகை மடங்கி மோஸின் இரண்டு கால்களையும் கவ்விக்கொண்டிருந்தது. நாங்கள் போனபோது தண்ணீர் அவர் மார்பளவு.

ரோவீனா இறங்கினாள். உடைந்த கண்ணாடி வழியே இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, பின்னாலிருந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தகடு வெட்டும் கருவியோடு மீட்பு வண்டி கிளம்பியிருந்தது. ஆனால் காற்றுக்கு ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. அதை அறுத்துத் தள்ளிவிட்டு அவர்கள் வந்து சேர ஐம்பது நிமிடம். நான் கடப்பாரையோடு மறுபக்கக் கதவுடன் மல்லுக்கட்டினேன், வயர்லெஸ்ஸில் கத்தினேன், திரும்பவும் கடப்பாரையை எடுத்தேன். மோஸ் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஓடையின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் பேச்சு நின்றது, மூச்சும் நின்றது. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் ரோவீனா கையை எடுக்கவில்லை.

மூன்று நாள் விடுப்பு கொடுத்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்கள். விடுப்பை அவள் வீட்டுக் கூரையைப் பழுது பார்ப்பதில் கழித்தாள். எண்ணைக் கூப்பிடவில்லை.

டிசம்பரில் அவளுக்கு நடை பிடித்தது. வேலை முடிந்ததும் துறைமுகம் வரை நடப்பாள், திரும்புவாள், மறுபடி போவாள். வீட்டில் இருந்தால் கார் நிறுத்தும் இடத்தில் குறுக்கும் நெடுக்கும். மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். நுனி சிவந்து தோல் உரிந்திருந்தது. சளி என்று நினைத்தேன். காபிக் குவளையில் இருந்தது காபி இல்லை என்று பிப்ரவரியில்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு வந்தோம், ரோவீனா வண்டி ஓட்டினாள். வளைவில் சாலை விளிம்பை விட்டு ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. நிலையத்துக்கு வந்ததும் அவள் குவளையைத் திறந்து மோந்து பார்த்தேன். வோட்கா.

"நாளைக்கு நீயே போய்ச் சொல்லிடு" என்றேன்.

"சொல்றேன்."

அவள் சொல்லவில்லை. நான் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு மேலாளரிடம் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் பக்கம் திரும்பி, "நல்லா இருடி" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு சொல்லை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன்.

இனி நடந்ததில் ஒரு பகுதி அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஆர்லோ பிக்கெட். வயது அறுபத்தாறு. காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் கொதிகலன் பார்த்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். அவருக்கு ஒரு தலைவலி உண்டு. வருடத்தில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மாதம், தினமும் மதியம் இரண்டு மணிக்கு டாண் என்று வரும். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ காய்ச்சிய திருகாணியை ஏற்றுகிற மாதிரி இருக்கும் என்பார். கொத்துக் கொத்தாக வருவதால் டாக்டர்கள் அதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றத் தலைவலிக்காரர்கள் இருட்டறையில் படுத்துக்கொள்வார்கள். இந்த வலிக்குப் படுக்க முடியாது. எழுந்து நடக்கவேண்டும், ஆடவேண்டும், சிலர் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

இதே வலி உள்ள யாரோ சொல்லி, ஏழு வருடமாக அவர் வீட்டு நிலவறையில், போதை தருகிற மாயக்காளான் வளர்க்கிறார். சட்டப்படி கூடாது. எங்கள் பக்கத்தில் அதைத் தக்காளி வளர்ப்பதைவிடக் கொஞ்சம் ரகசியமாகச் செய்வார்கள், அவ்வளவுதான். வலி தொடங்கும் பருவத்துக்கு முன்னால் ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்தப் பருவமே வராமல் போகிறது என்பது அவர் அனுபவம்.

மார்ச் மாதம் ஒரு காலை, ரோவீனா கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஆர்லோ வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தலைவலியா பொண்ணு?"

"இல்லை."

"அப்ப ஏன் என்னை மாதிரி நடக்கிற?"

அவள் இன்னொரு சுற்றுப் போனாள். திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார்.

"நடக்கிறவங்களை எனக்குத் தெரியும். உள்ள வா, காபி தர்றேன். நின்னுக்கிட்டே குடி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அப்படித்தான் தொடங்கியது. காய்ந்த காளானைக் காபி அரைக்கும் இயந்திரத்தில் பொடித்து, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை அளந்து, வெற்று கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தார். மைக்ரோடோஸ் என்பார்கள், சுவரில் பூ பூக்கிற அளவெல்லாம் இல்லை, போட்டது தெரியாத அளவு. ஒரு நாள் போடவேண்டும், இரண்டு நாள் விடவேண்டும். குடியை விட்டவர்கள், போரிலிருந்து வந்தவர்கள், மனம் உடைந்தவர்கள் என்று தீவு முழுக்கப் பலர் இதைப் போடுகிறார்கள். சிலர் பிழைத்தேன் என்கிறார்கள், சிலர் தோளைக் குலுக்குகிறார்கள்.

ஆர்லோ இரண்டு நிபந்தனை வைத்தார். மாத்திரையை அவர் சமையலறையில், காலை ஏழு மணிக்கு, அவர் கண்ணெதிரேதான் போடவேண்டும். போட்டதும் நோட்டில் மூன்று வரி எழுதவேண்டும்.

"என்ன எழுதறது பெருசு?"

"தூங்கினியா, குடிச்சியா, நடந்தியா."

"தினமும் ஒரே பதில்தான் வரும்."

"அதையே எழுது."

டாக்டர் சிம்ரத் கில்லிடமும் அவள் போனாள். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"சாப்பிடுங்கன்னு நான் சொல்லமுடியாது" என்றாராம் டாக்டர் கில். "ஆராய்ச்சி நடக்குது. இத்தனூண்டு அளவுல ஏதாவது ஆகுதா இல்லையான்னே இன்னும் அடிச்சுக்கிறாங்க. ஆனா என்கிட்ட மறைக்காதீங்க. குடியை மட்டும் ஒரேயடியா நிறுத்தாதீங்க, வலிப்பு வந்துடும். அது உங்களுக்கே தெரியும்." இதயத்தைச் சோதித்தார், குடியைப் படிப்படியாகக் குறைக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார், வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி, மழையில், ரோவீனா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு மாதத்துக்கு மேல் என்னோடு பேசாதவள். நனைந்து போயிருந்தாள், ஊரின் அந்த மூலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"உன்மேல கோவம் போகலை" என்றாள் வாசலில் நின்றே.

"சரி."

"போகவும் போகாது."

"சரிடி. உள்ள வா."

"ஆறு நாளா குடிக்கலை. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, கருமம்."

துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே என் சமையலறையை எட்டு முறை சுற்றி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். மே மாதம் அவள் முகத்தில் சதை வைத்தது. ஏரியில் நீந்தப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோட்டத்தில் முக்கால் மணி நேரம் புல்லில் படுத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் எழுந்துவிடுவாளோ என்று பயம். ஜூன் மாதம் வேலைக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அந்தக் காளானை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். குடியை விடமுடியாத என் மைத்துனனுக்குக்கூட ஆர்லோவிடம் கேட்கலாமா என்று யோசித்தேன்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. ரோவீனா வீட்டுப் பின்பக்கம் நாங்கள் இருவரும் ராஸ்ப்பெரிச் செடிகளுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்லோவின் கொட்டகையிலிருந்து டொம், டொம் என்று ஒரு சத்தம். சீராக வந்தது. சுத்தியல் என்று நினைத்தேன். ரோவீனா கம்பைக் கீழே போட்டுவிட்டு வேலியை ஏறித் தாண்டினாள்.

ஆர்லோ கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெற்றியால் முட்டிக்கொண்டிருந்தார். இடது கண்ணிலிருந்து நீர் ஊற்றியது, இமை தொங்கிவிட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நடக்கத் தொடங்கினார், அந்தச் சின்ன இடத்தில், அடிபட்ட மிருகம் மாதிரி.

"ஆக்ஸிஜன் எங்க?" என்றாள் ரோவீனா.

"உள்ள... கட்டிலுக்குக் கீழ."

நான் ஓடிப்போய் உருளையைத் தூக்கிவந்தேன். இந்த வலிக்கு உடனடி மருந்து அதுதான். ரோவீனா முகமூடியை மாட்டி, அளவைக் கடைசி வரை திறந்து, அவரை ஒரு வாளியின்மேல் உட்காரவைத்து, பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "இழுங்க பெருசு. விடுங்க. இழுங்க." பதினைந்து நிமிடத்தில் அவர் தோள் தளர்ந்தது. முகமூடியைக் கழற்றிவிட்டு அழுதார். வலியால் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்று ரோவீனா கேட்டாள்.

"பத்து நாள்."

"காளான் சாப்பிட்டா வராதுன்னு சொன்னீங்க. இந்த வருஷம் சாப்பிடலையா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"காளான் வளர்க்கிற ஜாடி எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடிச்சுடுச்சு. மே மாசமே. ஒண்ணுகூட மிஞ்சலை. அள்ளிக் குப்பையில போட்டேன்."

ரோவீனா அவர் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். எனக்குப் புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மே மாசம்னா எப்ப?"

"ஒன்பதாம் தேதி கொடுத்தது கடைசி."

"அப்ப ஏழு வாரமா நான் முழுங்கினது என்ன?"

"பட்டன் காளான்" என்றார். "கடையில வாங்கினது. காயவெச்சு அரைச்சேன்."

கொட்டகைக்கு வெளியே ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது. ரோவீனா சிரிக்கப் போகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"பீட்ஸாவுல போடுறது."

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து அதை முழுங்கவெச்சீங்க. நோட்டு எழுதவெச்சீங்க. இன்னிக்கு எப்படி இருக்குன்னு கேட்டீங்க."

"நீ நல்லா இருந்த பொண்ணு. இல்லைன்னு சொன்னா மறுபடி குடிச்சிடுவியோன்னு பயந்துட்டேன். வேற இடத்துல வாங்கிடலாம்னு பாத்தேன், கிடைக்கலை. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"எல்லாரும் எனக்கு நல்லதே பண்ணுங்க" என்றாள். சொல்லும்போது என்னையும் பார்த்தாள். உருளையின் திருகை மூடினாள், குழாயைச் சுற்றி ஒழுங்காக மாட்டினாள், வெளியே போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆர்லோவைப் படுக்கவைத்துவிட்டு நான் தேடிக் கிளம்பினேன். மதுக்கடை வாசலில் இல்லை. ஏரியில் இல்லை. ஐந்து மணிவாக்கில் துறைமுகத்தில் அவள் கார் நின்றது. முன்சீட்டில் மூடி திறக்காத ஒரு வோட்கா பாட்டில். அவள் மரப்பலகைத் துறையின் மேல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். நானும் கூட நடந்தேன். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது.

"ஏதோ ஒண்ணு என்னைக் குடிக்காம வெச்சிருந்துச்சு" என்றாள். "காளான்னு நினைச்சேன். காளான் இல்லை. சரி, அப்ப எது? சொல்லு."

"எனக்குத் தெரியலைடி."

"எனக்கும் தெரியலை. தெரிஞ்சா அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். எதுன்னே தெரியாததை எப்படிப் பிடிச்சுக்கிறது?"

"நீயேதான் நிறுத்தின. அப்படி எடுத்துக்கக் கூடாதா?"

"நானா?" நின்றாள். "லோரி, 'நான்'ங்கிற அந்த ஆள்மேல மட்டும் எனக்கு நம்பிக்கையே கிடையாது."

பிறகு காரிலிருந்து நோட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்துப் பிடித்தாள். "படி. ஒன்பதாம் தேதிக்கு முன்னாடி எது, பின்னாடி எது. நீயே கண்டுபிடி." தேதிகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, நடந்தபடியே புரட்டினாள். நான் உரக்கப் படித்தேன்.

'தூக்கம் இல்லை. குடித்தேன். நடந்தேன். ஆர்லோவின் காபி கேவலம்.' இது மார்ச் என்று யாருக்கும் தெரியும். 'இரண்டு டம்ளரோடு நிறுத்தினேன். கை நடுங்கியது. துறைமுகம் வரை மூன்று நடை.' 'நீந்தினேன். தண்ணீரில் தலையை முக்க முடியவில்லை.' 'நீந்தினேன். முக்கினேன்.' இந்த இரண்டில் எது நிஜக் காளான், எது பட்டன் காளான் என்று நான் சொன்னது இரண்டும் தப்பு. போகப் போக வரிகள் மூன்றைத் தாண்டி, அரைப்பக்கம், ஒரு பக்கம் என்று நீண்டன. அவள் விரல் விலகி, ஜூன் ஐந்தாம் தேதி என்று தெரிந்த பக்கத்தில் நான் நின்றுவிட்டேன்.

'அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மூக்கு அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடுங்கள் என்றார். இரண்டு கையும் அவர் தாடையில் இருந்தது. எடுத்தால் முகம் உள்ளே போய்விடும். இதோ வந்துவிடுவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் பொறுங்கள் என்றேன். என் தலை அவர் தலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் மூக்கால் சொறிந்துவிட்டிருக்கலாம். கன்னத்தால். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனுக்குக் கடைசியாக வேண்டியிருந்தது அது, அதைக்கூடச் செய்யவில்லை.'

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஏழு மாதம் கழித்து, கடைக் காளான் பொடியை முழுங்கிவிட்டு, ஆர்லோவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவள் நோட்டை மூடினாள்.

"ஐம்பது நிமிஷம் அவரைப் பிடிச்சிருந்த" என்றேன்.

"தெரியும். கணக்கு எனக்கும் தெரியும்" என்றாள். மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

பாட்டிலை நான் எடுத்துப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அன்று அவள் குடிக்கவில்லை, மறுநாளும் இல்லை. புதன்கிழமை குடித்தாள். ஒன்பது நாள் குடித்தாள். தினமும் நான் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் கதவைத் திறந்தாள், ஒரு நாள் ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டினாள். பத்தாம் நாள் காலை அவளே டாக்டர் கில்லுக்குப் போன் செய்தாள். கூட்டிப்போனது நான்.

"ஏழு வாரம் வெறும் காளானைத் தின்னுட்டு நல்லா இருந்தேன் டாக்டர். பைத்தியக்காரி" என்றாள்.

டாக்டர் கில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஏழு வாரத்துல வேற என்னெல்லாம் செஞ்சீங்க, சொல்லுங்க."

"காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சேன். ஏழு மணிக்கு அந்த ஆள் வீடு. எழுதினேன். நீந்தினேன். இவ வீட்டுல சாப்பிட்டேன்."

"அதெல்லாம் பொய்க் காளானா?"

ரோவீனா எழுந்து அறையைச் சுற்றத் தொடங்கினாள், டாக்டர் மேலே சொன்னார்.

"முதல் ஏழு வாரம் சாப்பிட்டது நிஜம்தானே. அது ஏதாவது செஞ்சுச்சா, அதோட வேகம் பின்னாடியும் இருந்துச்சா, நான் சொல்லமுடியாது. சொல்றேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க. எழுதினீங்களே அந்த நோட்டு, அதை ஒருத்தர்கிட்ட வாய்விட்டுப் படிக்கிறீங்களா? நனைமோவுல ஒரு மனநல ஆலோசகர் இருக்காங்க. உங்களை மாதிரி வேலை செய்யறவங்களை மட்டும் பாக்கிறாங்க."

வியாழக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நனைமோவுக்குப் போனாள். முதல் மாதம் அந்த அம்மாளின் அறையில் இவள் நடந்துகொண்டேதான் பேசினாளாம். அந்த அம்மாள் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி இடம்விட்டிருக்கிறார்.

ஆர்லோவிடம் அவள் பேசவில்லை. அவர் வலிப் பருவம் ஜூலை முழுக்க நீடித்தது. தினமும் இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஆக்ஸிஜன் உருளையும் வேகமாகத் தீர்ந்தது. நிரப்ப நனைமோவுக்குத்தான் போகவேண்டும், அந்த நிலையில் அவரால் கார் ஓட்ட முடியாது. ஒரு வியாழக்கிழமை ரோவீனா கதவைத் தட்டாமல் அவர் வீட்டுக்குள் போய், காலி உருளையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டாள். மாலை நிரம்பிய உருளையைக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

ஆகஸ்ட் முதல் வாரம் நானும் கூட இருந்தேன். இரண்டு மணியாக ஐந்து நிமிடம். ஆர்லோ முகம் வெளுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரோவீனா உருளையின் வாயைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"திட்டவாவது திட்டு பொண்ணு" என்றார். "மூணு வாரமா மொட்டைச் சுவரு மாதிரி வந்துட்டுப் போற."

"திட்டுறேன். மொதல்ல முகமூடியைப் போடுங்க."

"திட்டிட்டுப் போடு."

"பொய் சொல்ற கிழட்டு நாயே" என்றாள் ரோவீனா, நிதானமாக. "போதுமா? மூஞ்சியைத் தூக்குங்க."

அவர் தூக்கினார். அவள் நாடாவைக் காதுக்குப் பின்னால் மாட்டி, அளவைத் திறந்தாள். வலி வந்தது. அவர் எழுந்து நடக்கவேண்டும் என்று கையை ஆட்டினார். குழாய் எட்டுகிற தூரம் நான்கு அடிதான். ரோவீனா உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டாள். அவர் நடந்தார், அவள் பின்னாலேயே நடந்தாள். சமையலறைக்கு, திரும்ப அறைக்கு, திரும்பச் சமையலறைக்கு. நான் கதவுகளைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் வலி நின்றது. காளான் இல்லாமல், தானாக. செப்டம்பரில் அவர் புதிய ஜாடிகளில் விதை போட்டார். இந்த முறை பூஞ்சை வரவில்லை. உன் கண் முன்னாலேயே அடைத்துத் தருகிறேன் என்று ரோவீனாவிடம் சொன்னார். அவள் யோசித்தாள். விக்டோரியா நகரில் குடிநோயாளிகளுக்கு இதை முறையாகக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று அங்கே யாருக்கும் சொல்லமாட்டார்கள். முன்பே காளான் சாப்பிட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. "வெறும் மாவு தின்ன அனுபவமும் எனக்கு நிறைய இருக்குன்னு எழுதட்டுமா" என்றாள். ஆர்லோ நீட்டிய மாத்திரைகளை வாங்கவில்லை. அவை வேலை செய்யாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டுவிட்டு நன்றாக இருந்தால் ஏன் நன்றாக இருக்கிறோம் என்று மறுபடி யோசிக்கவேண்டிவரும், அதற்குத் தெம்பு இல்லை என்றாள்.

நவம்பரில் வேலைக்குத் திரும்பினாள். வேலைக்குத் தகுதியா என்று பரிசோதித்த டாக்டர், கடைசியாக எப்போது காளான் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். "நிஜமானதா, பீட்ஸா காளானா?" என்று கேட்டாளாம். முதல் நான்கு மாதம் அரை நாள் வேலை, ஓட்டுவது நான்தான். மோஸின் வண்டி சறுக்கிய சாலைக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. முதல் முறை அவள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. இரண்டாம் முறை இறங்கினாள், வேலையைப் பார்த்தாள், திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

இப்போது குடியை விட்டுப் பதினான்கு மாதம். என்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவளும் ஆர்லோவும் ஏரி வரை நடக்கிறார்கள். அவர் மெதுவாக நடக்கிறார் என்று அவளும், அவள் ஓடுகிறாள் என்று அவரும் சண்டை போட்டுக்கொண்டே போவதை நான் வேலைக்குப் போகும் வழியில் பார்ப்பேன். சில நாள் அவள் ஐம்பது அடி முன்னால் போய்விடுகிறாள். பிறகு நின்று, கால் மாற்றிக் கால் மாற்றி, அவர் வந்து சேரும் வரை காத்திருக்கிறாள்.